ஜா என்று தொடங்கிய சொல்

சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போவுக்குப் போகிற ஒன்பது மணி பஸ் கிளம்பிக் கடைத்தெருவைத் தாண்டுவதற்குள்ளாகவே டிரெஸ்ஸர் ஞானாதிக்கத்துக்கு இறங்கிவிடலாம் என்று தோன்றிவிட்டது. வயிறு சரியில்லை என்று சொல்லலாம். அறுபத்திரண்டு வயதுக்காரன் வயிறு சரியில்லை என்றால் யார் சந்தேகப்படப் போகிறார்கள். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்திருந்த சியூ லிங், கண்டக்டர் கிழித்துக் கொடுத்த இரண்டு டிக்கெட்டில் ஒன்றை அவர் சட்டைப் பையிலேயே மடித்துச் செருகிவிட்டு, “ஜன்னல ஏத்தி விடட்டுமா மாமா, தூசி வருது” என்று எழுந்து நின்றாள். சுத்தமான தோட்டத்துத் தமிழ். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் தோட்டத் தொழிலாளர் லயத்தில் பிறந்து வளர்ந்த பிள்ளை என்றுதான் சொல்ல வேண்டும். கறுப்புக்கல் தோட்டத்துச் சீனக் கடைக்காரர் பேத்தி அவள். தமிழ்ப் பிள்ளைகளோடு, பிள்ளை பார்க்கிற ஆயாக் கொட்டகையில் புரண்டவள். இப்போது சுங்கை சிப்புட் சீனப் பள்ளியில் வாத்திச்சி. இருபத்து மூன்று வயது. கன்னத்து எலும்பு அப்படியே அவள் அம்மா. நெற்றி மட்டும், நெற்றியைப் பார்க்கக் கூடாது என்று ஞானாதிக்கம் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். ரப்பர் மரங்கள் வரிசை வரிசையாகப் பின்னால் ஓடின. அந்த நெற்றியில் அவர் ஈரத் துணி போட்டிருக்கிறார். அதாவது அவள் நெற்றியில் இல்லை, அவள் அப்பன் நெற்றியில். இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. துணி போட்ட மாத்திரத்தில் சுட்டுவிடும், எடுத்து மறுபடி நனைக்க வேண்டும். அவள் மடியில் பழுப்பு உறை இருக்கிறது. உறைக்குள் பன்னிரண்டு வரி இருக்கிறது. அந்தப் பன்னிரண்டு வரிக்கும் அவர் ஈப்போவில் ஒரு மாடியறையில் உட்கார்ந்து “பெத்துல்” என்று சொல்ல வேண்டும். சரிதான், உண்மைதான் என்று அர்த்தம். ஒரே ஒரு மலாய் வார்த்தை. வாயைத் திறந்தால் வந்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்தவரின் வீட்டு வாசலில் காத்திருந்து, அந்தப் பன்னிரண்டு வரியையும் அவளே தமிழாக்கிப் படித்துக் காட்டினாள். சீனச் சங்கத்துக்காரர்கள் நினைவு மலர் போடுகிறார்கள், ஜப்பான்காரனை எதிர்த்துச் செத்தவர்களைப் பற்றி. அதில் முதல் பக்கம் அவள் அப்பன் தித் சானுக்கு. தித் சான் என்றால் இரும்பு மலை. அந்தப் பெயர் தெரியாத ஆள் அந்தக் காலத்துப் பேராக்கில் கிடையாது. ஜப்பான்காரனே அந்தப் பெயரைச் சுவரில் எழுதி ஒட்டியிருந்தான், பிடித்துக் கொடுத்தால் அரிசி தருவேன் என்று. தித் சான் ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். சாங்ஹாய் சண்டையில் கேப்டன். ஒரு தெருவை ஒன்பது நாள் விடாமல் பிடித்துவைத்திருந்தவர். பிறகு கப்பலேறி மலாயா வந்தவர், அறுபது பேரைச் சேர்த்து மலையில் படை வைத்தவர், ரயில் பாலத்தைத் தம் கையால் தகர்த்தவர், இடது காலில் குண்டடி பட்டவர், எதிரி சூழ்ந்துகொண்டபோதும் பணியாமல் வீரமரணம் எய்தியவர். அவள் படிக்கும்போது குரல் எங்கேயும் தழுதழுக்கவில்லை. பள்ளியில் பாடம் படிக்கிற மாதிரி நிறுத்தி நிறுத்திப் படித்தாள். படித்து முடித்துவிட்டு, “அம்மா போன வருஷம் போயிட்டாங்க. அவர்கூடக் கடைசி வரைக்கும் இருந்ததுல இப்ப உசிரோட இருக்கிறது நீங்க ஒருத்தருதான் மாமா” என்றாள். கடைசி வரைக்கும். அந்த வார்த்தைதான் முள்ளாகத் தைத்துவிட்டது. ஞாயிற்றுக்கிழமையிலிருந்து சோறு இறங்கவில்லை. எது கடைசி? மலைக் குடிசையா, ஓடைக்கரையா, கடைசி ரப்பர் மரமா, ரோடா? கடைசி என்று அவள் எதைச் சொல்கிறாள்? தெரிந்து சொல்கிறாளா, தெரியாமல் சொல்கிறாளா? அவள் அம்மா ஏதாவது சொல்லிவிட்டுச் செத்திருப்பாளோ? பஸ் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறியது. முன் சீட்டுக் கம்பியைப் பிடித்தார். கம்பி வெயிலில் காய்ந்து கொதித்தது.

குண்டடி இல்லை அது. அதிலிருந்தே ஆரம்பிக்கலாம், குண்டடியே இல்லை. விறகு பிளக்கும்போது பாராங் கத்தி நழுவிக் கணுக்காலுக்கு மேலே பட்ட வெட்டு. தோட்டத்து ஆஸ்பத்திரியில் பதினாறு வருஷம் கட்டுக் கட்டினவனுக்குக் குண்டுக் காயமும் கத்திக் காயமும் வித்தியாசம் தெரியாதா. முதல் தடவை மலைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு போனபோது கண்ணைக் கட்டித்தான் கூட்டிப் போனார்கள். அவிழ்த்துவிட்டபோது இரும்பு மலையைப் பார்க்கப் போகிறோம் என்று சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டார். எதிரே ஒல்லியாக, கிட்டப்பார்வைக் கண்ணை இடுக்கிக்கொண்டு, அடுப்பை ஊதிக்கொண்டிருந்த ஒரு ஆள், வீங்கின காலை நீட்டியபடியே, “மாக்கான் சூடா?” என்று கேட்டார். சாப்பிட்டாயிற்றா என்று. இவர் தளபதியைத் தேடி அந்த ஆளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார். பின்னால் ஒருவரும் இல்லை. அந்த ஆள்தான். ரயில் பாலம் வெடித்த அன்றைக்கும் அந்த ஆள் அங்கேதான் இருந்தார், இவர் சீழைக் கீறி எடுத்துக்கொண்டிருந்தார், தூரத்தில் மலை இருமின மாதிரி ஒரு சத்தம் கேட்டது, அந்த ஆள் உதட்டைக் கடித்தபடி சிரித்து, “பையன்கள் முடிச்சிட்டாங்க” என்றார். அப்படியானால் பாலத்தைத் தகர்த்தது தித் சானா, இல்லையா? தித் சானின் ஆட்கள். ஆனால் தம் கையால் என்று எழுதியிருக்கிறதே. ‘தம் கையால்’ என்பதை மட்டும் எடுத்துவிடச் சொன்னால் போதுமோ? எடுத்துவிட்டால் ஏன் என்பார்கள். அந்த நேரத்தில் அவர் கை எங்கே இருந்தது என்பார்கள். என் தோளைப் பிடித்திருந்தது, வலி தாங்காமல். அதைச் சொன்னால் நீ ஏன் அங்கே இருந்தாய் என்பார்கள். ஒரு நூலை இழுத்தால் மற்றது வரும், அது வந்தால் மற்றது.

செம்மோரில் பஸ் நின்றது. காக்கிச் சட்டை போட்ட ஒருவன் ஏறினான். ஞானாதிக்கத்தின் கால் தானாகவே சீட்டுக்கடியில் ஒடுங்கிக்கொண்டது. மின்சார இலாகா ஆள்தான், தோளில் கம்பிச்சுருள் வைத்திருந்தான். ஆனாலும் கால் ஒடுங்கினது ஒடுங்கினதுதான். ஜப்பான்காரன் போய் வெள்ளைக்காரன் திரும்பி வந்து, காட்டிலே இருந்தவன் எல்லாம் கெட்டவன் என்று ஆகி, தோட்டத்தைச் சுற்றி முள்வேலி போட்டபோது, ஒரு இன்ஸ்பெக்டர் இவரைக் கூப்பிட்டு நாற்காலியில் உட்காரவைத்து மரியாதையாகத்தான் கேட்டார். காட்டுக்கு மருந்து கொடுத்த டிரெஸ்ஸர் யார் என்று தெரியுமா? தெரியாது துவான். தித் சானைப் பார்த்திருக்கிறாயா? பெயரைக் கேள்விப்பட்டிருக்கிறேன் துவான். அன்றைக்குச் சொன்ன பொய் இன்றைக்கும் அவர் வாய்க்குள் பழக்கமாகக் கிடக்கிறது. நாக்கு நினைத்தால் அதைத்தான் முதலில் எடுக்கும். பேசாமலிருப்பது என்பதும் ஒரு வேலைதான், அதை அவர் ஒழுங்காகச் செய்துகொண்டு வந்திருக்கிறார். கிருபைகூட அதைப் பற்றிப் பேச்செடுத்தது கிடையாது. கட்டின மனைவி. அன்றைக்கு, தோட்டத்து ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்தில், கைக்குழந்தையோடு வெயிலில் உட்கார்ந்திருந்தவள். “ஆரஞ்சு உரிச்சித் தரவா மாமா? மூஞ்சியெல்லாம் வேர்த்திருக்கு” என்றாள் சியூ லிங். அவர் வேண்டாம் என்று தலையாட்டிவிட்டுக் கையை நீட்டி வாங்கிக்கொண்டார். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வாங்குவானா ஒருவன். சுளையை வாயில் போட்டதும் புளிப்பு கண்ணுக்கு ஏறியது.

மூன்று பிற்பகல். மலைக் குடிசையில் கடைசி வாரத்தில் மூன்று பிற்பகல், மூன்றிலும் மழை. அத்தாப்பு ஓலைக் கூரையில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவன் பேசுவது கேட்காது. மற்ற ஆட்கள் எல்லாரும் அடுத்த மலைக்கு இடம் மாறிவிட்டார்கள். கால் அழுகிவிட்டதால் அந்த ஆளைத் தூக்கிப் போக முடியாமல் விட்டுவிட்டுப் போயிருந்தார்கள், இரண்டு நாளில் வந்து எடுத்துக்கொள்வதாக. கொயினா மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. ஞானாதிக்கத்துக்கும் மலேரியாக் குளிர்தான், ஒருநாள் விட்டு ஒருநாள். ஆக அந்தக் குடிசையில் காய்ச்சல்காரனுக்குக் காய்ச்சல்காரன் துணை. அப்போதுதான் அந்த ஆள் பேசினார், கடைத்தெரு மலாயில், பாதி கண்டனீஸ் சீனம் கலந்து. தித் சான் செத்துப்போனார் என்றார். சாங்ஹாயிலேயே. “சாயா புக்கான் தித் சான்.” நான் தித் சான் இல்லை. நான் அவருடைய கம்பெனிக்குச் சோறு ஆக்கினவன். நூற்றிருபது பேருக்கு உலை வைத்தேன், அன்றைக்கும் அதே அளவுதான் வைத்தேன், சாப்பிட வந்தது பதினேழு பேர். கேப்டன் வரவில்லை. சோற்றை என்ன செய்ய? பதினேழு பேரும் அண்டாவைப் பார்த்துவிட்டுச் சாப்பிடவே இல்லை. குளிர். கேப்டன் கழற்றி வைத்துவிட்டுப் போன கோட்டு அடுப்படியில் தொங்கியது. போட்டுக்கொண்டேன். கழுத்துப்பட்டையில் அவர் பெயர் தைத்திருந்தது. கப்பல் துறையில் பெயர் கேட்டபோது அந்த அதிகாரி என் வாயைப் பார்க்கவில்லை, கழுத்துப்பட்டையைப் பார்த்து எழுதிக்கொண்டான். அவ்வளவுதான். இங்கே வந்து இறங்கினால், ஓ, சாங்ஹாயில் சண்டை போட்ட தித் சான்! இல்லை என்று சொல்ல ஒரு நாள் தள்ளினேன், மறுநாள் தள்ளினேன். பிறகு ஜப்பான்காரன் வந்துவிட்டான், ஆட்கள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். இதையெல்லாம் அவர் சொன்னாரா? சொன்னார். சொன்னதாகத்தான் ஞானாதிக்கத்துக்கு ஞாபகம். நூற்றிருபது என்று ஞாபகம் இருக்கிறதே, பதினேழு என்று ஞாபகம் இருக்கிறதே. காய்ச்சலில் கனவு கண்டால் எண்ணிக்கை வருமா? ஆனால் இவருக்கும் அன்று நூற்று மூன்று டிகிரி. ஒரு சமயம் கிருபை குடிசைக்குள் வந்து துணி மடிப்பதைக்கூடத்தான் இவர் கண்ணால் பார்த்தார். கிருபை அங்கே வரவேயில்லை. சொந்தப் பெயர் என்ன என்று கேட்டபோது செங் என்றாரா, சென் என்றாரா? கடைக்கார வீட்டு ஆ மோய், சியூ லிங்கின் அம்மா, புருஷனை ஆ செங் என்று கூப்பிடுவாள். அப்படியானால் செங். அப்படியானால் அவளுக்குத் தெரியும். தெரிந்துதான் கட்டிக்கொண்டாளா?

ஆ மோய்தான் அன்றைக்கு வந்தாள். மூன்றாவது நாள், மழை விட்டு மறுபடி பிடிக்கிறதுக்கு நடுவில், முழங்கால் வரைக்கும் சேறு, கையில் சோற்றுத் தூக்கு. மூச்சு வாங்கிக்கொண்டு முதலில் இவரிடம்தான் தமிழில் சொன்னாள். “அண்ணே, லயத்துல எல்லாரையும் ஜப்பான்காரன் பெரட்டுக்களத்துக்கு இழுத்துட்டுப் போயிட்டான். ஆம்பளைங்க நாப்பது பேரு முட்டி போட்டிருக்காங்க காலையிலேருந்து. பொம்பளைங்க பிள்ளைகுட்டியோட வெயில்ல. உங்க வீட்டு அக்காவும் இருக்காங்க. அஞ்சு மணிக்குள்ள தித் சான் வரணுமாம். வரலேன்னா பத்துப் பத்துப் பேரா நிறுத்திச் சுடப் போறானாம்.” பிறகு புருஷன் பக்கத்தில் மண்டியிட்டு உட்கார்ந்து கண்டனீஸில் என்னவோ பேசினாள். அவர் என்னவோ சொன்னார். அவள் தூக்கைத் திறந்து ஒரு வாய் ஊட்டினாள். துப்பிவிட்டார். அவள் வாயைத் துடைத்துவிட்டாள். என்ன பேசிக்கொண்டார்கள்? இவருக்கு அந்தப் பாஷையில் சோறு, தண்ணீர், வலி, எத்தனை நாள் என்கிற அளவுக்குத்தான் தெரியும். அந்த நாலில் ஒன்றும் அந்தப் பேச்சில் இல்லை. அவள் எழுந்தாள், பிள்ளையை வண்ணார் வீட்டில் விட்டு வந்திருப்பதாகச் சொன்னாள், இவரை ஒரு பார்வை பார்த்தாள், இறங்கிப் போய்விட்டாள். அந்தப் பார்வைக்கு என்ன அர்த்தம் என்று இன்றுவரைக்கும் அவர் ஒரு முடிவுக்கு வரவில்லை. தூக்கிட்டு வா என்றா? தூக்கிட்டு வந்துடாதே என்றா? பிறகு மழை. கூரை முழுக்க மழை. அந்த ஆள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தார், உதடு அசைந்தது, ‘ஜா’ என்று கேட்டது, மழை அடித்தது, பிறகு ‘பாவா சாயா’ என்று கேட்டது. பாவா சாயா என்றால் என்னைத் தூக்கிப் போ. ஆனால் முன்னால் ஒரு ‘ஜா’ இருந்ததே. ஜாலான் என்றால் நட, கிளம்பு. ஜாங்கான் என்றால் வேண்டாம். ஜாலான், பாவா சாயா. கிளம்பு, என்னைத் தூக்கிப் போ. ஜாங்கான் பாவா சாயா. என்னைத் தூக்கிப் போகாதே. இரண்டுக்கும் தலை ஒன்று. உடம்பு மழையில் போய்விட்டது. திருப்பிச் சொல்லுங்கள் என்று கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை? நேரமில்லை என்று பத்து வருஷம் சொல்லிக்கொண்டார். காய்ச்சல் என்று இன்னொரு பத்து வருஷம். கேட்டால் ஜாங்கான் என்று சொல்லிவிடுவாரோ என்று பயந்துதான் கேட்கவில்லை என்பது இந்த இரண்டு வருஷமாகத்தான், பல் விளக்கும்போது, சட்டைப் பொத்தான் போடும்போது, சம்பந்தமே இல்லாமல் வந்து நிற்கிறது.

தூக்கினார். முதுகில் போட்டுக்கொண்டு இறங்கினார். ஒன்றரை மணி நேரம் இருக்கும். முதுகு அடுப்பில் வைத்த மாதிரி வெந்தது. அழுகின காலின் நாற்றம், காது மடலில் அந்த ஆளின் மூச்சு, வழுக்கின பாறை, ஓடை, ஓடையில் ஒரு தடவை முட்டி மடங்கி இருவரும் நனைந்தது. கிருபை, பிள்ளை, கிருபை, பிள்ளை என்று ஒவ்வொரு எட்டுக்கும் உள்ளே சொல்லிக்கொண்டே வந்தார். அந்த ஆளைப் பற்றி ஒரு எட்டுக்காவது நினைத்தாரா? ரப்பர் மரம் முடிகிற இடத்தில், ரோடு தெரிகிற இடத்தில், புல்லில் குப்புறப் படுத்துக்கொண்டார். காதைப் பொத்திக்கொண்டார். பொத்தின கைக்குள்ளேயும் கேட்டது. அந்த ஆள் ரோட்டுக்கு நடுவில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, தொண்டை கிழிய, “தித் சான்! சாயா தித் சான்!” என்று கத்தினார். அதற்கு முன்னால் அவர் அந்தப் பெயரைத் தன் பெயராகச் சொல்லி இவர் கேட்டதே இல்லை. லாரி வந்தது. பூட்ஸ் சத்தம். பிறகு லாரி போயிற்று. அஞ்சு மணிக்கு நாற்பது பேரையும் எழுப்பி வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். எழுந்து நிற்க முடியாமல் நாலு பேர் தவழ்ந்து போனார்களாம். கிருபை வீட்டில் பிள்ளைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்தாள், சேறும் சகதியுமாக வந்தவரைப் பார்த்து எங்கே போனீர்கள் என்று கேட்கவில்லை, வெந்நீர் வைத்தாள். ஆ மோய் மறுநாள் கடையைத் திறந்தாள். அவள் சாகிறவரைக்கும் அந்தக் கடையில்தான் இவர் சாமான் வாங்கினார். புகையிலையைக் கட்டிக் கொடுப்பாள், பிள்ளை எப்படி இருக்கிறான் என்பாள், சிரிப்பாள். ஒரு நாள், ஒரே ஒரு நாள், ‘அண்ணே, அன்னிக்கு...’ என்று ஆரம்பிப்பாள் என்று பயந்துகொண்டே அந்தக் கடைப்படி ஏறுவார். ஆரம்பிக்கவில்லை. அது மன்னிப்பா? மன்னிக்கிறதுக்கு ஒன்றுமே இல்லை என்பதா? அல்லது கேட்டு என்ன ஆகப்போகிறது என்பதா? “எறங்கணும் மாமா” என்றாள் அவள் மகள். பஸ் நின்றிருந்தது. ஈப்போ. சுண்ணாம்புக் குன்று வெயிலில் வெள்ளையாகப் பளபளத்தது. இவ்வளவு சீக்கிரம் எப்படி வந்தது?

சங்கத்து மாடிப்படி செங்குத்தாக இருந்தது. மேலே நீண்ட மேசை, சுழலும் காற்றாடி, சுவர் நிறையக் கறுப்புச் சட்டம் போட்ட படங்கள். செயலாளர் ஃபூங் என்பவர், கண்ணாடி போட்ட மெலிந்த பெரியவர், எழுந்து நின்று இரண்டு கையாலும் தேநீர்க் கோப்பையை நீட்டினார். அவருக்குத் தமிழ் தெரியாது. ஞானாதிக்கத்தின் மலாய் பயத்தில் கட்டிக்கொண்டுவிட்டது. “நீங்க தமிழ்லயே சொல்லுங்க மாமா, நான் அவருக்குச் சொல்றேன்” என்றாள் சியூ லிங். ஃபூங் அச்சுத் தாளை மேசையில் வைத்து முதல் வரியில் பேனா முனையை ஊன்றிப் படித்தார். அவள் தமிழில் சொன்னாள். ராணுவக் கல்லூரியில் படித்துத் தேறியவர். ஃபூங் கண்ணாடிக்கு மேலாக இவரைப் பார்த்து, “பெத்துல்?” என்றார். ஞானாதிக்கம் வாயைத் திறந்தார். வார்த்தை நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்திருந்தது. பதினோரு வரி மிச்சம், பத்து நிமிஷத்தில் முடிந்துவிடும், பதினொன்றரை பஸ்ஸுக்குத் திரும்பிவிடலாம். “படிச்சவருதான்” என்றார். “ஆனா உங்கப்பா இல்லம்மா.” சியூ லிங் தாளிலிருந்து நிமிர்ந்தாள். அப்புறம் நிறுத்த முடியவில்லை. ஃபூங்கைப் பார்க்காமல், அவளையும் பார்க்காமல், கோப்பையில் மிதந்த ஒரு தேயிலைத் துணுக்கைப் பார்த்தபடி சொன்னார். கோட்டு, கழுத்துப்பட்டை, நூற்றிருபது பேருக்கு வைத்த உலை, பதினேழு பேர், பாராங் வெட்டு, பாலம் வெடித்த சத்தம், அவள் அம்மா கொண்டுவந்த சோற்றுத் தூக்கு. காய்ச்சலில் கேட்டது, எது நிஜம் எது இல்லை என்று எனக்கே தெரியாது என்று நடுவில் நாலைந்து தடவை சொன்னார். கடைசியில் ‘ஜா’வையும் சொன்னார். “ஜாலானா ஜாங்கானான்னு தெரியலம்மா. திருப்பிக் கேட்டிருக்கலாம். கேக்கல. எம் பொண்டாட்டி பிள்ளை அங்க இருந்தாங்க. தூக்கிட்டு வந்துட்டேன்.”

காற்றாடி சுற்றியது. அவள் உறையின் மூலையை மடித்தாள், பிரித்தாள், மடித்தாள். ஃபூங் பேனாவைப் பிடித்தபடியே பொறுமையாகக் காத்திருந்தார். பிறகு அவள் கண்டனீஸில் பேச ஆரம்பித்தாள். நிதானமாக, வெகுநேரம். ஃபான் என்று கேட்டது, சோறு. சாங்ஹாய் என்று கேட்டது. ஃபூங்கின் முகம் மெல்ல மெல்ல இறுகியது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், கையை வீசி என்னவோ கடிந்து சொன்னார். சோற்றுக்காரனைப் போய் முதல் பக்கத்தில் போடுவதா என்றுதான் இருக்கும், அல்லது காய்ச்சல்காரன் பேச்சை நம்புவதா என்று இருக்கும், அல்லது எல்லாம் அச்சுக் கோத்தாயிற்று என்று இருக்கும். அவள் தலையை ஆட்டினாள். பேனாவை அவர் கையிலிருந்து கேட்டு வாங்கி, அச்சுத் தாளில் ஒன்றிரண்டு வரியைச் சுழித்துவிட்டு அடியில் எழுதினாள், கட்டம் கட்டமாக, பள்ளிப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதுகிற அழகில். எழுதினதை ஃபூங் படித்தார். மறுபடி படித்தார். தாடையைத் தேய்த்தார். கடைசியில் தன் முத்திரையை எடுத்து ஓரத்தில் வைத்து அமுக்கினார். இவ்வளவும் நடக்கும்போது ஞானாதிக்கம் கோப்பையைப் பிடித்தபடியே உட்கார்ந்திருந்தார். என்ன நடந்தது என்று அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. தான் சொன்னது வெளியே போய்விட்டது என்பது மட்டும் விளங்கியது, பல் பிடுங்கின இடத்தை நாக்கு தடவுகிற மாதிரி.

படி இறங்கும்போது பாதியில் நின்று கேட்டார். “என்னம்மா எழுதின?” அவள் ஒரு படி கீழே நின்றாள். “சாங்ஹாய் வரைக்கும் உள்ள வரியெல்லாம் அப்படியே இருக்கட்டும்னு சொன்னேன் மாமா. அதெல்லாம் அந்தக் கேப்டனோடது. அவரும் செத்தவர்தானே, அவருக்கும் யாராச்சும் எழுதணும்ல. தம் கையாலங்கிறதையும் குண்டடிங்கிறதையும் எடுத்துட்டேன். கீழ அப்பா பேரப் போட்டேன். செங், சமையல்காரர், மலையில அறுபது பேருக்குச் சோறு போட்டவர், தித் சான்ங்கிற பேர்ல போய் நின்னு, முட்டி போட்டிருந்த கறுப்புக்கல் தோட்டத்து ஆளுங்கள எழுப்பி விட்டவர்னு.” அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார். “நான் கடைசியா சொன்னது?” “அத அவங்களுக்குச் சொல்லல.” “ஏம்மா?” “அவங்களுக்கு எதுக்கு மாமா அது.” தெருவிலிருந்து ஒரு லாரியின் ஹாரன் படிக்கட்டுக்குள் ஏறி வந்து அடங்கியது. அவள் அழவில்லை. ஆனால் கைப்பையின் வாரை இரண்டு கையாலும் முறுக்கிக்கொண்டிருந்தாள், நெற்றி லேசாகச் சுருங்கியிருந்தது, அந்த நெற்றியை இந்த முறை அவர் பார்த்தார். “அம்மாவும் எனக்கு ஒண்ணும் சொன்னதில்ல. அவர் அதிகமா சாப்பிட மாட்டாருன்னு மட்டும் சொல்லுவாங்க” என்றாள். பிறகு, கேட்கலாமா வேண்டாமா என்று தயங்கினவள் மாதிரி, “வரும்போது உங்களப் பிடிச்சிக்கிட்டாரா மாமா?” என்றாள்.

ஞானாதிக்கம் சுவரிலிருந்து கையை எடுத்தார். இருபத்திரண்டு வருஷமாக அவர் அந்த மழையில் அந்த ஒரு சொல்லையே காதுக்குள் போட்டுக் குடைந்துகொண்டிருந்தார். கையைப் பற்றி நினைத்ததே இல்லை. இப்போது கழுத்தில், தாடைக்கு அடியில், இரண்டு கை விரல் கோத்தபடி வந்து உட்கார்ந்தது. சோற்றுக் கரண்டி பிடித்துக் காய்த்த விரல்கள். மலை முழுக்கப் பிடித்திருந்தன. ஓடையில் முட்டி மடங்கினபோது இன்னும் இறுகின. விழுந்துவிடுவோம் என்ற பயத்தில் பிடித்ததாக இருக்கலாம், போகலாம் என்று பிடித்ததாக இருக்கலாம். அது தெரியாது. ரப்பர் மரம் முடிகிற இடத்தில், ரோடு தெரிந்ததும், இவருக்குக் கால் எழவில்லை. மரம் மாதிரி நின்றுவிட்டார். இறக்கவும் மனசு வரவில்லை, திரும்பவும் மனசு வரவில்லை, எவ்வளவு நேரம் நின்றாரோ. மழை விட்டிருந்தது. “பிடிச்சிருந்தாரும்மா” என்றார். “ரெண்டு கையாலயும் இறுக்கிப் பிடிச்சிருந்தாரு. கடைசி மரத்துக்கிட்ட வந்ததும் அவராத்தான் கைய எடுத்தாரு.” அவர் தம் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். “சறுக்கி எறங்கிட்டாரு. நான் இன்னும் குனியக்கூட இல்ல.”